அறுபத்தெட்டாவது ஆள்

"நாளைக்கு வருவியா?"

சுபஸ்ரீ தினமும் இதைத்தான் கேட்பாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றதும் ஒரு காலைப் படியில் வைத்து, தோள்பையை வயிற்றுப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிக் கேட்பாள். வருவேன் என்பாள் பெலிண்டா. கண்டக்டர் விசிலடிப்பார். பஸ் காவிரிப் பாலத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் பெலிண்டா தன்னுடைய காட்டூர் பஸ்ஸைத் தேடுவாள். அதற்குள் இரண்டு பஸ்ஸாவது போயிருக்கும்.

அது அவள் பத்தாம் வகுப்பில் இருந்த வருஷம். இருந்தாள் என்று ரெஜிஸ்டர் சொன்ன வருஷம் என்பதுதான் சரி.

இப்போது பெலிண்டாவுக்கு நாற்பத்துநான்கு வயது. திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டெண்டர். திரும்பி வந்த புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்குவது, கிழிந்த பக்கத்துக்குப் பசை போடுவது, மதியம் தூங்கும் பிள்ளைகளை மேசையைத் தட்டி எழுப்புவது. அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்கு ஒத்துப்போனது. பதினோரு வருஷத்தில் அவள் குரலைக் கேட்ட பேராசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லூரியில் கதை சொல்லும் நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். மாணவர்கள் இல்லை, ஊர்க்காரர்கள் மேடையேறித் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நடந்ததாக இருக்க வேண்டும், கையில் தாள் இருக்கக் கூடாது, கதையில் வருகிற இன்னொருவரின் பெயரை அவரைக் கேட்காமல் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஏழு நிமிஷம். ஏழாவது நிமிஷம் ஒரு பெண் மணியடிப்பாள். எல்லாவற்றுக்கும் பொறுப்பு எம்.ஏ. படிக்கும் பிரான்சி. ஒரு வாரமாக நூலகத்துக்கு வந்து, நீங்களும் ஒரு கதை சொல்லுங்க என்று பெலிண்டாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"கதை இல்லாத ஆளு யாருக்கா இருக்கா? ஏழு நிமிஷம்தானே."

"எனக்கு ஏழு நிமிஷம் பேசினா மூச்சு வாங்கும். வாசல்ல கையெழுத்து வாங்குற வேலையக் குடும்மா, அத ஒழுங்கா பாத்துக்கறேன்."

கல்லூரியில் எது நடந்தாலும் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைக்க வேண்டும். கூட்டம் சேராமல்கூட ஒரு விழா நடந்துவிடலாம், கையெழுத்து நோட்டு இல்லாமல் நடக்க முடியாது. ஆகவே பெலிண்டா கூடத்தின் பின்வாசலில் ஒரு மேசை போட்டு, நீள நோட்டில் பெயர், ஊர், கையெழுத்து என்று கோடு போட்டு உட்கார்ந்துகொண்டாள். பேனாவைத் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி நூல் கட்டி மேசைக்காலில் முடிந்தாள். கதை சொல்கிறவர்கள் மேடைப் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனார்கள். அவர்களிடம் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் பிரான்சி.

முதலில் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையிலிருந்து வந்த பிச்சமுத்து பேசினார். இளம்வயதில் லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு அசதியில் அதன்மேலேயே தூங்கிப்போய், விழித்துப் பார்த்தால் கரூரில் இருந்ததையும், அங்கே இறக்கிய மூட்டைகளுக்கு நடுவில் தன்னையும் ஒரு மூட்டை என்று ஒருவர் தூக்கப் பார்த்ததையும் சொன்னார். கூடம் சிரித்து அடங்க நேரமானது. பெலிண்டாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்து பிரான்சி ஒரு பெயரைச் சொன்னாள். சுபஸ்ரீ, ஸ்ரீரங்கம்.

ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ சுபஸ்ரீ. மேடைக்கு வந்தவள் சதை போட்ட, கண்ணாடி அணிந்த, ஏதோ பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மாள். பெலிண்டா நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது அந்த அம்மாள் மைக் முன்னால் நின்று, தோளில் கிடந்த கைப்பையை வயிற்றுப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த இழுப்பு பெலிண்டாவுக்குத் தெரியும்.

சுபஸ்ரீ நன்றாகவே பேசினாள். பத்தாவதில் தனக்கு ஒரு தோழி இருந்தாள் என்றாள். பொங்கல் லீவு முடிந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் வந்துவிடுவாள், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டிக்கொண்டு. காய்ச்சல், நாளைக்கு வருவேன் என்பாள். தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பள்ளியில் பேச்சு. நாளைக்குத்தான் வரப்போகிறாளே, அதற்குள் பெயர் போய்விடக் கூடாதே என்று, டீச்சர் குனிந்தபடி வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் நம்பருக்கும் தானே குரல் கொடுத்ததாகச் சொன்னாள்.

"அவ குரல் எப்படி இருக்கும்னு கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதனால எந்தக் குரல்ல சொன்னாலும் அது அவ குரல்தான்."

கூடம் சிரித்தது. பத்தொன்பது நாள் அப்படி ஓடியது. இருபதாவது நாள் வகுப்பைப் படமெடுக்க போட்டோக்காரர் வந்தார். பெஞ்ச் போடுவதற்காக எத்தனை பேர் என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றார் டீச்சர். அவர் இரண்டு தடவை தலையை எண்ணிவிட்டு, அறுபத்தேழுதான் இருக்கு டீச்சர், ஒண்ணு எங்க என்றார். ரெஜிஸ்டர் வந்தது, விசாரணை வந்தது. போட்டோ எடுத்து முடியும்வரை சுபஸ்ரீ வராந்தாவில் முட்டி போட்டிருந்தாள். அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அந்த போட்டோல அவளும் இல்ல, நானும் இல்ல," என்றாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அன்று அப்பாவின் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தாளாம். யூனிஃபார்ம் கசங்காமல், வழக்கமான தூண் பக்கத்தில், கையில் உப்பு மிளகாய்த்தூள் தடவிய நெல்லிக்காய்ப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாளாம். அப்போதுதான் தனக்குப் புரிந்தது என்றாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, தன்னை முட்டாளாக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு பரீட்சை முடிகிறவரை அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தார். பதினொன்றாவது ஸ்ரீரங்கத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்ட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

"கோபமெல்லாம் போயிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் புரியல. வர மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எதுக்கு தினமும் வருவேன்னு சொன்னா?"

மணி அடித்தது. கைதட்டினார்கள்.

பெலிண்டா நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்று, ஸ்கூட்டரில் போனவள் தன்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பது. உள்ளேன் என்று இன்னொரு குரலில் சொன்னதோ, வராந்தாவில் முட்டி போட்டதோ தெரியாது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பேசும் அந்த அரைமணி நேரத்தில் பள்ளியில் நடந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்கிற சுபஸ்ரீ, எந்த டீச்சர் எந்தப் புடவை, யார் கையில் பிரம்பு முறிந்தது, கணக்கில் எந்த அதிகாரம்வரை போயிருக்கிறது என்று எல்லாம் சொன்னவள், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

பிரான்சி மைக்கை வாங்கி அடுத்தவர் பெயரைத் தாளில் தேடினாள். இப்போது பேசாவிட்டால் அந்த அம்மாள் கீழே இறங்கிவிடுவாள். ஊர் சுற்றிய பெண்ணாகவே அந்தக் கதை ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிப் போய்விடும். எழுந்து நின்றது பெலிண்டாவுக்கே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்த சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள்.

"அந்தப் பொண்ணு ஊர் சுத்தல," என்றாள்.

கேட்கவில்லை, சத்தமாச் சொல்லுங்க என்று முன்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். ஒரு மாணவி மைக்கைக் கொண்டு ஓடிவந்தாள். பெலிண்டா அதைத் தொடவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல், நோட்டில் இருந்த பெயர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அவங்கப்பா கட்டட வேலைல சாரத்துலேர்ந்து விழுந்து பெரியாஸ்பத்திரியில கெடந்தாரு. அம்மா வீட்டு வேலைக்குப் போகணும். பகல் முழுக்க அவதான் பக்கத்துல இருந்தா. நாலு மணிக்கு அம்மா வந்ததும் ஆஸ்பத்திரி பாத்ரூம்ல யூனிஃபார்ம் மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவா."

பிரான்சியின் கையிலிருந்த மைக்கை சுபஸ்ரீ வாங்கினாள்.

"எதுக்கு?"

"வர மாட்டேன்னு சொல்லிட்டா, ஃப்ரெண்டு அடுத்த நாள் பஸ்ஸ விட்டுட்டு நிக்க மாட்டாளே. வந்த பஸ்ல ஏறிப் போயிடுவா." பெலிண்டாவுக்கு மூச்சு வாங்கியது. "அந்த அரைமணி நேரந்தான் அவளுக்கு ஸ்கூல். ஸ்கூட்டர்ல போனப்புறமும் நாலு நாள் அதே தூண்ல வந்து நின்னா. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். மணியடிக்கும் பெண் மணியைக் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பிரான்சி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பெயரைச் சொன்னாள்.

அதற்கப்புறம் வந்த இரண்டு கதைகளும் பெலிண்டாவின் காதில் ஏறவில்லை. அப்பா பிழைத்தார், ஆனால் மறுபடி சாரம் ஏறவில்லை. அந்தக் கோடையிலேயே அவள் தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பாலம் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தனக்குத்தானே வருவேன் சொல்லியே காலம் போய்விட்டது. அப்புறம் சுபஸ்ரீயின் தெரு, அவள் வீடு, எல்லாம் ஒருவரையும் கேட்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டன.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தது. சிலர் போகிற போக்கில் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்க வாயெடுத்த ஒரு பேராசிரியை ஏனோ கேட்காமல் நகர்ந்தார். பிரான்சி மேடைப் பக்கமிருந்து, கதை சொன்னவங்க எல்லாரும் பின்வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, ஃபைலுக்கு வேணும் என்று கூவிக்கொண்டிருந்தாள்.

பிச்சமுத்து போட்டார். இன்னும் இருவர் போட்டார்கள். கடைசியாக சுபஸ்ரீ வந்தாள்.

பெலிண்டா எழுந்து நின்றாள். நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சுபஸ்ரீ கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நூல் கட்டிய பேனாவை எடுத்தாள். சுபஸ்ரீ, ஸ்ரீரங்கம் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவை வைக்கவில்லை. பக்கங்களை முன்னால் புரட்டி, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை விரல் வைத்துப் பார்த்தாள். வேலையாக வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பெலிண்டாவின் பெயர் அதில் எங்கும் இல்லை.

சுபஸ்ரீ தன் பெயருக்குக் கீழ்வரியில் பெலிண்டா என்று எழுதினாள். ஊர் என்ற இடத்தில் காட்டூர் என்று எழுதினாள். பெலிண்டா காட்டூரை விட்டுப் பொன்மலைப்பட்டிக்கு வந்து இருபது வருஷமாகிறது. திருத்தத் தோன்றவில்லை. கையெழுத்துக் கட்டத்தில் சுபஸ்ரீ கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாய்வாக, சின்ன எழுத்தில், தன் கையெழுத்தாக இல்லாத ஒரு கையெழுத்தைப் போட்டாள்.

பேனாவை மூடி நோட்டின் நடுவில் வைத்தாள். பெலிண்டாவை நிமிர்ந்து பார்த்தாள், ஒரு பஸ் வந்து நின்று கிளம்புகிற நேரம். பையை வயிற்றுப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டாள். பழைய கேள்வி வரும் என்று பெலிண்டா காத்திருந்தாள்.

சுபஸ்ரீ ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.