கீரோவின் மெட்டு

எங்கள் பள்ளத்தாக்கில் ஸ்வெய்னுங்கைப் போல பிடில் வாசிக்க ஆள் கிடையாது. அவனைப் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மேலே நாலு கம்பி வாசிக்க, அடியில் இன்னும் நாலு கம்பி தானாக முனக, அந்தப் பிடிலைத் தோளில் வைத்தானானால் ஊர் மன்றத்தில் காபிக் கோப்பை சத்தம்கூடக் கேட்காது. வாசித்து முடித்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பான். 'இப்போ என்ன சொல்றீங்க?' என்கிற பார்வை. அதுதான் பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

அவன் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். பகலில் நீர்மின் நிலையத்தில் வேலை. விடுமுறை நாட்களில் மெட்டுத் தேடிப் போவான். மலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தருக்கு ஒரு பழைய மெட்டில் பாதி ஞாபகம் இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பனியானாலும் காரை எடுத்துவிடுவான். எங்கள் மெட்டுகள் காது வழியாக ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறவை. மேடை ஏறினால், 'இது இன்னாரிடம் கேட்டது' என்று சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுக்க வேண்டும். ஸ்வெய்னுங் சொல்லும் பெயர்கள் ஒரு ஊருக்கு ஆகும்.

அவனுக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்று. கீரோவின் மெட்டு.

அது தார்யெய் குடும்பத்துச் சொத்து. அவனுடைய பாட்டனின் தாய் கீரோ, கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையை வேண்டாமென்று விட்டுவிட்டு, மலையைத் தாண்டி நடந்து வந்தாளாம். வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்த மெட்டு அது. தார்யெய் ஆடு வளர்க்கிறவன். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டியும் ஓட்டுவான். ஒரு காலத்தில் ஸ்வெய்னுங்குக்குச் சரியான போட்டி. ஒரு வருஷம் போட்டியில் ஸ்வெய்னுங் முதலாவதாகவும் அவன் இரண்டாவதாகவும் வந்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். "உங்க வீட்டு மெட்டெல்லாம் பக்கத்துப் பள்ளத்தாக்குல சுட்டதுதானே?" என்று நூறு பேர் முன்னால் ஸ்வெய்னுங் கேட்டுவிட்டான். அன்றோடு தார்யெய் மன்றத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான்.

ஸ்வெய்னுங்கின் மனைவி பெர்கித் கால்நடை மருத்துவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பிடில் வகுப்பில் சேர்ந்தாள். புருஷனிடம் கற்றுக்கொள்ளவில்லை. "அவன்கிட்டக் கத்துக்கிட்டா நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்க முடியாது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஸ்வெய்னுங்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வில் பிடிக்கும் அழகைப் பார்த்து, "ஊசி போடற மாதிரியே பிடிக்கறா" என்று கேலி செய்வான்.

ஒரு வசந்தத்தில் தார்யெய் பண்ணையில் ஓர் ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தது. பெர்கித் போனாள். ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தார்யெய் அதற்காக ஏதோ முனகிக்கொண்டிருந்தான். அவளும் கை வேலையை விடாமல் கூடவே முனகினாள். குட்டி வெளியே வந்து நின்றதும் அவன் அவளையே பார்த்தான்.

"நடுவுல ஒரு வளைவு வருது. அதை யாரும் ஒரு தடவையில பிடிச்சதில்ல. நீ பிடிச்சிட்ட."

"இது என்ன மெட்டு?"

"கீரோவோடது."

பெர்கித் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றுவிட்டாளாம்.

"உனக்குத் தரேன்" என்றான் தார்யெய். "நீ அப்புறம் யாருக்கு வேணா குடு. உன் வீட்டுக்காரனுக்கு மட்டும் கூடாது."

"ஒரே வீட்டுல இருக்கோமே, தார்யெய்?"

"கதவு இருக்கில்ல?"

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் ஒளிக்காமல் ஸ்வெய்னுங்கிடம் சொல்லியும் விட்டாள். அவன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தவன், மசித்துக்கொண்டே இருந்தான். கூழாகிவிட்டது. "நல்லது" என்றான். பிற்பாடு இதையெல்லாம் என் சமையலறையில் உட்கார்ந்து அவனே சொன்னான். 

இலையுதிர் காலம் தொடங்கி, செவ்வாய்க்கிழமை தோறும் பெர்கித் தார்யெய்யின் மலையடிவாரப் பண்ணைக்குப் போனாள். ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? கூட்டுறவுக் கடையில் இறைச்சி வெட்டும் தோர்டிஸ்தான் ஆரம்பித்தாள்.

"என்ன ஸ்வெய்னுங், தார்யெய் வீட்டு ஆட்டுக்கெல்லாம் செவ்வாக்கிழமைதான் சீக்கு வருமா?"

"மெட்டு கத்துக்கப் போறா."

"அடேயப்பா! ஊருக்கே கத்துக்குடுக்கிறவன் வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்க, அங்க போயா கத்துக்கறா?"

முதலில் சொன்னதைவிட இரண்டாவதுதான் அவனைச் சுட்டது. பன்றி இறைச்சியை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், வேலையிலிருந்து சொல்லாமல் கிளம்பி அவனும் அங்கே போனான். காரைக் கீழேயே நிறுத்திவிட்டு ஆட்டுக் கொட்டகை ஓரமாக நடந்தான். இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. உள்ளே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஜன்னல் விளிம்பு மறைத்தது. தார்யெய் வில்லை நிறுத்தி ஏதோ சொன்னான். பெர்கித் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் வீட்டில் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று இவன் யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. கொட்டகைக்குள் ஆடுகள் இவனைக் கண்டு கத்தத் தொடங்கின. திருடன் போல ஓடி வந்தான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் பெர்கித் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியை மெல்லிசாகச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு அங்க வந்தியா?"

"யார் சொன்னா?"

"பனியில நம்ம கார் தடம் எனக்குத் தெரியாதா? ஏன் உள்ள வரல?"

அவன் இன்னொரு துண்டு இறைச்சியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"ஸ்வெய்னுங், உனக்கு எதுல வயித்தெரிச்சல்? நான் அவன் வீட்டுக்குப் போறதுலயா, இல்ல, அந்த மெட்டு எனக்குக் கிடைச்சதுலயா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் யோசிக்கவே கூடாது. அவன் யோசித்தான். நெஞ்சைத் தொட்டு யோசித்துவிட்டு, "மெட்டு" என்றான்.

பெர்கித் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் அதைப் பயிற்சி செய்வதை மாடி அறையோடு வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொள்வாள். தரையில் ஆட்டுத்தோல், காலில் கம்பளிக் காலுறை. கீழே சமையலறையில், அடுப்புப் புகைக்குழாய் மாடித் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஸ்வெய்னுங் முக்காலியைப் போட்டு ஏறி, அந்த இடைவெளியில் காதை வைத்தான். மகா வித்வான், நரைத்த தாடியோடு, கால் கடுக்க முக்காலியில் நின்று பெண்டாட்டி பயிற்சி செய்வதைக் கேட்டான். அவள் ஒரு இடத்தில் தடுமாறித் திரும்ப எடுத்தால் இவனுக்கு ஒரு கெட்ட சந்தோஷம். தடுமாறாமல் போய்விட்டால் தாடியைப் பிடித்து இழுத்துக்கொள்வான்.

கேட்டதை அவன் மின் நிலையத்தில் வாசித்துப் பார்த்தான். எந்திரங்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலோடு கம்பிகளைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் துண்டு துண்டாக ஒட்டினான். மார்ச் மாத வெயிலில் ஆற்றுப் பனி உடையும்போது மெட்டு முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. அவளைவிடச் சுத்தமாக வாசித்தான். அதில் சந்தேகமில்லை.

ஜூன் மாதம் மன்றத்தில் போட்டி. புதியவர்கள் பிரிவில் பெர்கித் பெயர் கொடுத்திருந்தாள். கீரோவின் மெட்டைத்தான் வாசிக்கப் போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்க தார்யெய்யே அத்தனை வருஷம் கழித்து வந்திருந்தான். பின்வரிசையில், தடித்த பூட்ஸோடு, பால்கட்டி வைத்த வாஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். அவள் முறை மதியத்துக்கு மேல். ஸ்வெய்னுங் முறை காலையிலேயே. அவன் வாசிக்க, நடனப் பிரிவு ஜோடிகள் ஆட வேண்டும். ஆடும் ஜோடிகளில் நானும் என் வீட்டுக்காரன் அஸ்லாக்கும் இருந்தோம்.

ஸ்வெய்னுங் மேடையேறினான்.

"கீரோவின் மெட்டு" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "என் வீட்டில் கேட்டது" என்றான்.

மன்றம் சில்லிட்டுப் போயிற்று. பெர்கித் காபி ஊற்றிக்கொண்டிருந்தவள், கோப்பை நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவன் வில்லை வைத்தான்.

எங்கள் ஆட்டத்துக்கு மூன்றடி. மூன்றும் ஒரே நீளமில்லை. முதலடி நீண்டு, மூன்றாவது சுருக்கென்று முடியும். வாசிக்கிறவனின் எடுப்பு எங்கே என்று கால் கண்டுபிடித்துவிட்டால் மீதி தானாக வரும். நான் அஸ்லாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மெட்டு அழகாக, தங்கக் கம்பி போல ஓடியது. ஆனால் எடுப்பு கிடைக்கவில்லை. கால் வைத்தேன், தப்பு. மாற்றி வைத்தேன், அதுவும் தப்பு. "என்னடி இது, நழுவுது?" என்றான் அஸ்லாக். பக்கத்து ஜோடி எங்கள்மேல் வந்து இடித்தது. ஒவ்வொருத்தராக நின்றுவிட்டோம். வாசிப்பவன் ஒருத்தன் வாசித்துக்கொண்டிருக்க, ஆட வந்தவர்கள் எல்லாம் மரம் மாதிரி நடுத்தளத்தில் நின்றோம்.

அவன் ஸ்வரத்தையெல்லாம் கேட்டிருந்தான். வாசிக்கும்போது அவள் தரையில் காலால் தட்டும் அடியைக் கேட்கவில்லை. கம்பளிக் காலுறையும் ஆட்டுத்தோலும் அந்த அடியை விழுங்கிவிட்டன. மெட்டு, அடியோடு சேராமல், அதற்குச் சற்று முன்னாலேயே தாவி ஏறுகிற ஜாதி. அது தெரியாமல் முதல் ஸ்வரத்தையே முதலடி என்று நினைத்துக் குளிர்காலம் முழுக்கப் பழகியிருக்கிறான்.

அப்போது பின்வரிசையில் தொம்மென்று ஒரு சத்தம். தார்யெய்யின் பூட்ஸ். அவனுக்குத் தன் மெட்டு இப்படிக் கிடந்து சீரழிவதைப் பொறுக்க முடியவில்லை போல. மறுபடி தொம், தொம். ஸ்வெய்னுங்கின் முகத்தை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். கையில் வைத்திருந்த மெட்டு திடீரென்று வேறு ஒன்றாகத் திரும்பியதை அவன் காது பிடித்துவிட்டது. வில் நின்றது. பிடிலை இறக்கினான். சுற்றிலும் பார்க்கிற வழக்கமான பார்வை வரவில்லை. பின்கதவு வழியாகப் போய்விட்டான்.

கார் நிறுத்துமிடத்தில் தார்யெய் பெர்கித்தை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வாக்குக் குடுத்த. 'என் வீட்டுல கேட்டது'ன்னு சொல்றான். குடுத்துட்டியா அவனுக்கு?"

"நான் குடுக்கல, தார்யெய்!"

"பின்ன வானத்துலேர்ந்து விழுந்துதா?"

காருக்குப் பின்னாலிருந்து ஸ்வெய்னுங் வந்தான். நாலைந்து பேர் சுற்றி நின்றோம். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரித்தான் சொன்னான்.

"அவ குடுக்கல. முக்காலி போட்டு ஏறி, புகைக்குழாய் ஓட்டையில காதை வெச்சுத் திருடினேன். அவமேல ஒரு தப்பும் இல்ல."

யாரோ ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். தார்யெய் சிரிக்கவில்லை. பெர்கித்திடம், "மதியம் நீ வாசி. நான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பெர்கித் வாசித்தாள். "தார்யெய்யிடம் கேட்டது" என்று சொல்லிவிட்டு, இரண்டு இடத்தில் சுருதி பிசக, ஒரு இடத்தில் வில் கீச்சிட, வாசித்தாள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் எங்களுக்குக் கால் நிற்கவில்லை. முடிந்ததும் தளத்திலிருந்தவர்கள் இன்னொரு தடவை கேட்டுக் கூச்சலிட்டார்கள்.

வெளியே ஸ்வெய்னுங் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்திருந்தான், எங்கோ ஓட்டிப் போகிற மாதிரி.

அன்று சாயங்காலமே பெர்கித் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "அவன் திருடினதுகூடப் பரவாயில்ல" என்றாள் என்னிடம். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அதுலயும் என்னைவிட முன்னால மேடையேறணும்னு நெனச்சான் பாரு." கோடை முழுவதும் ஸ்வெய்னுங் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டான். பிடிலைத் தொடவில்லை. அக்கா வீட்டு வாசலில் போய் மூன்று தடவை நின்றான். மூன்றாவது தடவைதான் அவள் வெளியே வந்தாள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. கோடை முடிந்து, மலையிலிருந்து ஆடுகள் இறங்கும் சமயம் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

தார்யெய் அவனை மன்னிக்கவில்லை. இன்றைக்கும் சாலையில் எதிர்ப்பட்டால் பனி வண்டியை ஒதுக்காமல் நேராகத்தான் ஓட்டி வருவான். செவ்வாய்க்கிழமைகளில் பெர்கித் அங்கே போகிறாள். இரண்டாவது மெட்டு கற்றுக்கொண்டிருக்கிறாளாம்.

இலையுதிர் கால நடனத்தில் மேடையில் வாசிக்க அவள் உட்கார்ந்தாள். அஸ்லாக்குக்கு முட்டி வலி. நான் சும்மா நின்றதைப் பார்த்து ஸ்வெய்னுங் வந்து கையை நீட்டினான். வாழ்நாளெல்லாம் வாசித்தவன், ஆடியதே இல்லை. பெர்கித் கீரோவின் மெட்டை எடுத்தாள். எடுப்பு தப்பாமல் சரியாகக் கால் வைத்தான், ஆனால் என் காலின் மேலேயே வைத்தான்.

"மன்னிச்சுக்கோ" என்றான்.

"என் காலைப் பாரு, மேடையைப் பாக்காதே" என்றேன்.

"முடியலியே" என்றான். அவன் கண் அவளுடைய வில் பிடித்த கையிலேயே இருந்தது. என் கையைப் பிடித்திருந்த அவனுடைய விரல்கள் அவள் வாசிக்கும் ஸ்வரத்தையே என் கைமேல் தட்டிக்கொண்டிருந்தன. சுற்றிச் சுற்றி ஆடினோம்.