பேட்டரிக்குப் போட்ட ஈரத்துணி

சுடலைக்கண்ணனிடம் எதைக் கேட்டாலும் கருத்து உண்டு. கேட்காவிட்டாலும் உண்டு. பெட்ரோலில் எத்தனால் கலந்தால் என்ஜினுக்கு என்ன ஆகும், செல்போன் கம்பெனிக்காரன் டப்பாவில் சார்ஜர் வைக்காதது ஏன், ஸ்மார்ட் மீட்டர் மாட்டினால் கரண்ட் பில் எப்படி ஏறும், சீனாக்காரன் கார் விலையை எதற்காகக் குறைக்கிறான் என்று காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுவான். அவனிடம் கார் கிடையாது, பைக் கிடையாது, லைசன்ஸே கிடையாது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு வீட்டில் இட்லி அவிக்கிற மனிதன். இருந்தாலென்ன, கருத்துக்கு லைசன்ஸ் கேட்கிற போலீஸ்காரன் இன்னும் பிறக்கவில்லையே!

சந்துக்காரர்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்ட வராது, அதனால் அதில் எல்லாமே வாய்ஸ்தான். அதிலும் முக்கால்வாசி சுடலைக்கண்ணன் வாய்ஸ். “நண்பர்களே, ஏமாறாதீங்க” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவான். குரூப்பை நடத்துகிற வானமாமலை அவன் பேச்சைக் கேட்டு, கரண்ட் மிச்சம் என்று தினமும் ஆறு மணி நேரம் ஃப்ரிட்ஜை அணைத்துப்போட்டு, ஒரு வாரம் கெட்ட மீனைத் தின்றான். அப்போதும் மீன்காரியைத்தான் திட்டினான்.

முன்பெல்லாம் சுடலைக்கண்ணனே சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றவன்தான். சயான் பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு பிளேட் இட்லிக்கு அரைமணி நேரம் ஹைபிரிட் கார் பற்றிப் பேசினால் மற்றவர்கள் எவ்வளவு நேரம் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்? பாதி இட்லி திரும்பி வந்தது. “நீங்க அவிங்க, நான் விக்கேன்” என்று மனைவி ஆறுமுகத்தாய் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸிலும் ஷேர் டாக்ஸியிலுமாக அல்லாடினாள். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு முடிவெடுத்து, அல்தாபிடம் ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். மெதுவாகப் போகிற சின்ன வண்டி, லைசன்ஸ் வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

சுடலைக்கண்ணன் விடுவானா? “நடமாடுற குண்டு அது. கம்பெனிக்காரனுக்கே அதுல நம்பிக்கை இல்ல, அவன் பெட்ரோல் வண்டியிலதான் ஆபீஸ் போறான்” என்று ஏழு நிமிஷ வாய்ஸ் ஒன்று போட்டான். அந்த வாய்ஸை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டேதான் ஆறுமுகத்தாய் சாவியை வாங்கினாள். இப்போது பாந்த்ரா-குர்லா பக்கத்துக் கண்ணாடி ஆபீஸ்கள் வரைக்கும் போய், பத்து மணிக்குள் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வருகிறாள். அதைப் பார்த்து, அதே சந்தில் இட்லி விற்கிற மாலதியும் இன்னும் மூன்று பெண்களும் ஆளுக்கொரு வண்டி சொல்லிவைத்தார்கள்.

அல்தாப் மேலப்பாளையத்துப் பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தவன், தையல் மெஷின்களை விற்றுவிட்டு இந்த ஸ்கூட்டர் ஏஜென்சியை எடுத்திருந்தான். மாசக் கடைசிக்குள் ஐந்து வண்டி போகாவிட்டால் கம்பெனி போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விடும் என்பது பேச்சு. ஆறுமுகத்தாயோடு சேர்த்துச் சரியாக ஐந்து. அவன் உயிர் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மே மாதம், மத்தியானம். தகரக்கூரைக்குக் கீழே மனுஷன் அவிந்துகொண்டிருந்தான். ஆறுமுகத்தாய் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, “ஒண்ணும் நோண்டாதீங்க” என்று சொல்லிவிட்டு, தேங்காயும் வாழையிலையும் வாங்க மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். சுடலைக்கண்ணன் போகிற போக்கில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சுடும் என்று அல்தாப் சொல்லித்தான் கொடுத்திருந்தான். ஆனால் இருபது வருஷம் இட்லி அவித்த கைக்கு அதெல்லாம் கேட்குமா? அந்த வீட்டில் எது சுட்டாலும் வைத்தியம் ஒன்றுதான். மாவு புளித்துப் பொங்கினால் பானையைச் சுற்றி ஈரத்துணி. இட்லித் தட்டில் ஈரத்துணி. சட்டியில் அடுக்கிய இட்லி மேல் ஈரத்துணி. கிரைண்டர் மோட்டார் காய்ந்தால் அதன் தலையிலும் ஈரத்துணி. சுடலைக்கண்ணன் யோசிக்கவே இல்லை. கொடியிலிருந்து ஒரு துணியை உருவி, வாளியில் முக்கி, பாதி பிழிந்து, பேட்டரியைப் பச்சைப்பிள்ளை மாதிரி சுற்றிவைத்தான். துணி காய்ந்ததும் தண்ணீர் தெளித்தான். மறுபடியும் காய்ந்தது, மறுபடியும் தெளித்தான். திட்டினாலும் வீட்டுக்கு வந்த பொருள் அல்லவா என்று அதன்மேல் ஒரு பாசம்கூட வந்தது.

மூன்றாவது தெளிப்புக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. வீட்டு ஃபியூஸும் போய்விட்டது. சுடலைக்கண்ணன் பிளக்கைப் பிடுங்கினான், பேட்டரியைத் துடைத்தான், துணியைப் பிழிந்து கொடியில் போட்டான். ஃபியூஸ் கட்டையில் புதுக் கம்பியும் சுற்றினான். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமில்லாமல் இருந்தான்.

நாலு மணிக்கு வந்த ஆறுமுகத்தாய் பேட்டரியை வண்டியில் மாட்டிப் பார்த்தாள். வண்டி அசையவில்லை.

“என்ன செஞ்சீங்க?”

“நான் என்னத்தச் செஞ்சேன்? சும்மாதான இருந்தேன்.”

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வாய் நின்றால்தானே? “நான் அன்னைக்கே சொன்னேம்லா” என்றான். சொன்ன சுகத்தில் அதையே குரூப்பிலும் சொன்னான். “நண்பர்களே, ஏமாறாதீங்க. ஒரு மாசங்கூட ஆவல, பேட்டரி மண்டையப் போட்டுட்டு.” சந்தே கொண்டாடியது. தீர்க்கதரிசி என்றார்கள். வானமாமலை டீயும், வெண்ணெய் தடவிய மஸ்கா பாவு ரொட்டியும் வாங்கிக்கொடுத்தான். சுடலைக்கண்ணன் ரொட்டியை டீயில் தோய்த்து ருசித்துத் தின்றான். அவன் தின்றுகொண்டிருக்கும்போதே மாலதியும் மற்ற மூன்று பெண்களும் அல்தாப் கடைக்குப் போய், வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அல்தாப் வீட்டுக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று சுடலைக்கண்ணன் நாலு பாயிண்ட் தயார் பண்ணி வைத்திருந்தான். ஆனால் அல்தாப் கையில் ஒரு பேட்டரி இருந்தது.

“ஆறுமுகத்தாக்கா, இது என் கடை வண்டியோட பேட்டரி. இத மாட்டிட்டுப் போங்க, ஒங்க பொழப்பு நிக்கக்கூடாது. ஒங்க பேட்டரியக் கம்பெனிக்கு அனுப்புதேன், பாத்துச் சொல்ல பத்து நாளாவும்” என்றான். பிறகு திரும்பி, “அண்ணாச்சி, கோவிச்சுக்கப்படாது. தண்ணி கிண்ணி எதும் பட்டுச்சா?”

“தண்ணியா? சே சே!”

“நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி.”

பத்து நாளில் கம்பெனி என்ன சொன்னால் என்ன, மாசக் கடைசிக்கு மூன்று நாள்தான் இருந்தது. “போர்டு போயிரும்போல. மெஷினையும் வித்துட்டேன், இனி பையும் தைக்க முடியாது” என்று அல்தாப் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். செத்துப்போன பேட்டரியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனான், அவன் வண்டிக்குத்தான் பேட்டரி இல்லையே. சுடலைக்கண்ணனுக்குச் சீ, என்ன பிழைப்பு இது என்றிருந்தது. அன்றைக்கு மாவில் உப்புப் போட மறந்துவிட்டான்.

அடுத்த நாள் தூக்கம் வராமல் எழுந்தவன், போனை எடுத்துக் குரூப்பில் பேசினான். பழக்கதோஷத்தில் “நண்பர்களே, ஏமாறாதீங்க” என்று ஆரம்பித்து, அழித்துவிட்டு, மறுபடி பேசினான். “பேட்டரி மேல ஈரத்துணி போட்டது நாந்தான். தண்ணி தெளிச்சதும் நாந்தான். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. ஏ மாலதி, நீ வண்டிய வாங்கிக்கோ.”

இரண்டு நிமிஷத்தில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பிறகு வானமாமலை வந்தான். “அண்ணாச்சி, அல்தாபு எவ்வளவு தந்தான்?” அவனுக்குப் பின்னால் மாலதி. “பேட்டரிக்கு ஈரத்துணியா? கிறுக்கன்கூடச் செய்ய மாட்டான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்வே!”

சுடலைக்கண்ணன் டீக்கடைக்கு ஓடி, தன் பேருக்குரிய சாமி மேலேயே சத்தியம் செய்தான். வானமாமலை அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். “நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க அண்ணாச்சி, ஒருத்தன் திடீர்னு மாத்திப் பேசுனா கம்பெனிக்காரன் மெரட்டிட்டான்னு அர்த்தம்னு. கவலப்படாதீங்க, நாங்க புரிஞ்சுக்கிட்டோம்.” ஊரில் உள்ள எல்லாக் கம்பெனியைப் பற்றியும் கண்ணால் பார்க்காமல் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். தன் கையால் செய்த ஒரே காரியத்தைச் சொன்னபோது ஒரு பயல் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆறுமுகத்தாய் தேங்காய் துருவிக்கொண்டே அந்த வாய்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள், தலையைத் தூக்காமல்.

“தெரியுமா? பெறவு ஏன் ஒண்ணும் கேக்கல?”

“ஏன் கேக்கல? மொத வார்த்தையே அதான கேட்டேன். சும்மா இருந்தேன்னீங்க. பேட்டரிக்கு அடியில தரையெல்லாம் ஈரம், பாக்க எனக்குக் கண்ணு இல்லையா? ஒங்க வாயில இருந்து வரட்டும்னு இருந்தேன். அந்தப் புள்ள தன் பேட்டரியக் கழட்டித் தந்துட்டு நடந்து போவுது. நீங்க மஸ்கா பாவு தின்னுட்டு வாரீங்க. வெக்கமா இல்ல?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. “இப்ப என்னட்டி செய்ய? சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கான்.”

“இனி சொல்ல வேண்டாம். நாளைக்கு வண்டிய நீங்க ஓட்டுங்க. நான் சட்டியோட பின்னால உக்காருதேன். ஊரே பாக்கட்டும்.”

மறுநாள் காலை ஆறரைக்கு, நடமாடுற குண்டின் மேல் சுடலைக்கண்ணன் ஏறினான். சைக்கிள் ஓட்டிய உடம்புதான், ஆனாலும் டீக்கடைக்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடி, குழாயடி வாளி ஒன்றைத் தட்டிவிட்டு, நேரானான். பின்னால் ஆறுமுகத்தாய் மடியில் இட்லிச் சட்டியோடு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் ஒருத்தன்கூடத் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. மாலதி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

“பாத்தீங்களாட்டி! நம்மள வாங்காதீங்கன்னுட்டு அவரு சொகமா ஓட்டுதாரு. நாம வண்டியில போனா, அந்தக் கண்ணாடி ஆபீஸ் ஏவாரம் பங்காயிரும்லா? பக்கா சாலாக்கு, சரியான தந்திரக்காரரு!”

அவ்வளவுதான். உண்மை சொல்லி ஆகாத காரியம் பொறாமையில் ஆனது. பதினொரு மணிக்குள் நாலு பெண்களும் அல்தாப் கடையில் போய் நின்றார்கள், மறுநாளுக்குள் நாலு வண்டியும் சந்துக்குள் வந்துவிட்டன. அல்தாப் போர்டு தப்பியது. வானமாமலை சுடலைக்கண்ணனைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். துரோகி என்று ஒரு வாய்ஸ் போட்டானாம், அதைக் கேட்கவும் சுடலைக்கண்ணனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அல்தாப் ஒரு பெட்டி அல்வாவோடு வந்தான். கண் கலங்கியிருந்தது. சுடலைக்கண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“எல்லாம் கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. செய்யாத தப்ப நீங்க செஞ்சதாச் சொல்லி, எனக்காக ஒங்க பேரையே கெடுத்துக்கிட்டீங்களே! கூடப் பெறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.”

உலகத்தில் ஒரே ஒருத்தன் சுடலைக்கண்ணனை நல்லவன் என்கிறான். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அல்வா வேறு கமகமவென்று மணக்கிறது. ஆறுமுகத்தாய் அடுப்படியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அல்தாபு” என்றான். “அது பொய் இல்லடே. நெசமாவே நாந்தான் ஈரத்துணி போட்டேன். புதுப் பேட்டரிக்கு நாந்தான் ரூவா தரணும்.”

அல்தாப் சிரிக்கப் பார்த்தான். சுடலைக்கண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிடித்திருந்த கைகளை மெதுவாக விட்டான்.

“நேருக்கு நேராக் கேட்டேனே. தண்ணி பட்டுச்சான்னு கேட்டேன்லா.”

“கேட்ட.”

அல்தாப் அல்வாப் பெட்டியை ஆறுமுகத்தாய் கையில் கொடுத்து, “சாப்பிடுங்கக்கா” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவும் பில் புத்தகமும் எடுத்தான்.

“புதுப் பேட்டரிக்கு யார் பேர்ல பில் போடணும், சார்?” என்று கேட்டான்.