டானிக் பெட்டியைக் கட்டிய கயிறு

மருந்துக்கடை முதலாளி அன்று காலை கால்சியம் டானிக் பெட்டியைக் கட்டக் கயிறு தேடினார். மகளின் ஸ்கிப்பிங் கயிறு கைக்கு வாகாகக் கிடைத்தது. கைப்பிடிகளை வெட்டி எறிந்துவிட்டு இறுக்கிக் கட்டினார்.

"அப்பா, அது என்னோடது!" என்றாள் பதினொரு வயது மகள்.

"பொம்பளப் புள்ளைக்கு என்ன குதியாட்டம்? கையக் கால ஒடச்சுக்கிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? டானிக்கைக் குடிச்சிட்டுப் போய் கார்ல உக்காரு."

பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். காரைத் திருப்புகிற நேரத்தில் நடந்தே போய்விடலாம். ஆனால் எலும்பு விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். வியாபாரிகள் சங்கம் அவருக்கு 'எலும்புக் காவலர்' என்று பட்டமே கொடுத்திருந்தது. கொடுக்கச் சொன்னதும், கேடயம் வாங்கித் தந்ததும் அவரேதான்.

அன்று பள்ளியில் அவருடைய இலவச டானிக் விழா. வாசலிலேயே விளையாட்டு டீச்சர் மறித்தார்.

"சார், எல்லாரும் ஓடுறப்ப உங்க பொண்ணு மட்டும் வகுப்புல உக்காந்து அழுவுறா. இன்னிக்காவது விடுங்க."

"எலும்பைப் பத்தி எங்கிட்டயே பேசறீங்களா? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். டானிக் விக்கிறவரு."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "விசில் ஊதறதுதானே உங்க வேலை? அத மட்டும் பாருங்க!"

பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்துவிட்டு, நிழலில் நின்று நெடுநேரம் முழங்கினார். கடைசியில் மகளை மேடைக்கு அழைத்தார். "இதோ, என் டானிக்கால் வளர்ந்த இரும்புப் பெண்!"

கைத்தட்டல் கேட்டது. இரும்புப் பெண் கீழே இறங்கினாள். கடைசிப் படியில் கால் தடுமாறியது, கையை ஊன்றினாள். மணிக்கட்டு மளுக்கென்று ஒடிந்தது. தினமும் மற்ற பெண்கள் மேடையிலிருந்து எகிறிக் குதித்து, விழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுப் போன இடம் அது.

"ஒரு வேளை கூட டானிக் தவறல டாக்டர்!" என்று ஆஸ்பத்திரியில் புலம்பினார் முதலாளி.

எலும்பு டாக்டரம்மா மாவுக்கட்டுப் போட்டபடியே கேட்டார். "ஓடுவாளா? குதிப்பாளா?"

"சேச்சே! விட்டதே இல்ல."

"அதுல பெருமை வேறயா? செங்கலை வாசல்ல கொட்டிட்டா வீடு தானா எழும்பிடுமா? ஓடுறதும் குதிக்கிறதும்தான் கொத்தனாரு. பொண்ணுங்களுக்கு எலும்பு கெட்டிப்படுற வயசே இதுதான். இப்ப உக்கார வெச்சீங்கன்னா, வயசான காலத்துல அந்த எலும்பே படுக்க வெச்சிரும்."

"அப்ப... டானிக் வியாபாரம்?"

செய்தி கேட்டு ஓடி வந்திருந்த மனைவி சீறினாள். "உங்க கேடயத்தக் கொண்டாந்து அந்த மாவுக்கட்டு மேல மாட்டுங்க, ஊரே பாக்கட்டும்!"

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவின் முகத்தையே பார்க்கவில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது.

கட்டுப் பிரித்து, டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு, ஒரு நாள் முதலாளி மகளோடு நடந்தே பள்ளிக்கு வந்தார். அவள் கையில் புதுக் கயிறு. டீச்சர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்தார்.

"விசில ஊதுங்க டீச்சர்."

"அதுதானே சார் என் வேலை," என்றார் டீச்சர், சிரிக்காமல். "மருந்து வேணும்னா உங்க கடைக்கு வர்றோம். ஆனா பொண்ணுங்க எலும்பு பாட்டில்ல வளராது, மைதானத்துலதான் வளரும். இத அந்தக் கேடயத்துல எழுதி வைங்க."

விசில் ஒலித்தது. மகள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.