நாற்பது ஊர் நகல்

ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அலுவலகம். வீட்டில் அழைப்பதுபோலவே அலுவலகத்திலும் பெரியவள், சின்னவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரியவள் பார்ப்பது மெயின் சர்வர். இணையப் பக்கங்களின் அசல் அதில்தான் இருக்கும். சின்னவள் அவற்றின் நகல்களை நாற்பது ஊர் சர்வர்களில் வைத்து, கேட்பவர்களைப் பக்கத்து ஊர் நகலுக்கு அனுப்புகிறவள்.

அன்று காலை பத்து மணிக்குப் பள்ளித் தேர்வு முடிவு. பத்தரைக்கு மேனேஜர் வந்தார்.

"இத்தனை லட்சம் பேர் பார்த்தும் ஒரு நொடி நிக்கலையே! சின்னவங்க கைராசி."

"சார், அசல் என்கிட்ட இருக்கு," என்றாள் பெரியவள்.

"இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். பிரிவுத் தலைவர் யாருன்னு சாயங்காலம் சொல்லிடறேன்."

அந்தப் பதவிக்குப் பெரியவள் ஆறு வருஷமாகக் காத்திருந்தாள். சின்னவள் வேலைக்கு வந்தே மூன்று வருஷம். வீட்டிலும் மாமியாருக்கு எதற்கெடுத்தாலும் சின்னவள்தான்.

பதினோரு மணிக்கு, ஒரு பள்ளியின் மதிப்பெண்கள் தவறு என்று தகவல். பெரியவள் அசலைத் திருத்தினாள். மாடியில் ஏதோ கூட்டத்திலிருந்த சின்னவள் போனில் பேசினாள்.

"அக்கா, அந்த ஒரு பக்கத்தோட நகலை மட்டும் அழிச்சிடுங்க. நகல் இல்லேன்னா ஊர் சர்வரெல்லாம் புதுசை உங்ககிட்ட வந்து எடுத்துக்கும்."

"எனக்குத் தெரியாதாக்கும்!"

திரையில் இரண்டு பட்டன்கள்: 'இந்தப் பக்கம்', 'எல்லாப் பக்கங்களும்'. அவளுடைய சர்வருக்கு நொடிக்கு இருபது பேர் வந்துகொண்டிருந்தார்கள். சின்னவளின் நகல்களுக்கு நாற்பதாயிரம் பேர். வயிறு எரிந்தது. ஒரே ஒரு தடவை எல்லாரும் என்னிடம் வரட்டுமே! இரண்டாவதை அழுத்தினாள்.

வந்தார்கள். திரையில் கோடு செங்குத்தாக ஏற ஏற, பெரியவளின் முகம் மலர்ந்தது. பன்னிரண்டு நொடிதான். சர்வர் படுத்துவிட்டது.

சின்னவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நகருங்கக்கா! ஒரு ஊர் மட்டும் அசலை எடுக்கட்டும். மத்த ஊரெல்லாம் அதுகிட்ட வாங்கிக்கட்டும். அதுவரைக்கும் ஜனங்க வரிசையில நிக்கட்டும்…" தனக்குத்தானே சொல்லியபடி தட்டினாள். ஒன்பது நிமிஷத்தில் நாற்பது ஊருக்கும் நகல் போய்ச் சேர்ந்தது.

"எல்லாத்தையும் அழிச்சது யாரு?" மேனேஜர் கத்தினார்.

"அவசரத்துல அக்காவுக்குக் கை தவறிடுச்சு சார். நான்தான் சரியாச் சொல்லல."

"என்ன மனசும்மா உனக்கு! சாயங்காலம் எதுக்கு? இப்பவே சொல்றேன், நீதான் தலைவர்."

பதவி போனதைக்கூடப் பெரியவள் விழுங்கியிருப்பாள். இந்த நல்ல பெயரும் அவளுக்கே போனதுதான் தாங்கவில்லை.

"கை தவறல சார். அவ சரியாத்தான் சொன்னா. தெரிஞ்சேதான் அழுத்தினேன்."

"ஏம்மா?"

"எல்லாரும் அவகிட்டயே போறாங்க சார்."

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, நான்தான் சமாளிச்சிட்டேனே!"

"நீ ஒண்ணும் என்னைக் காப்பாத்த வேணாம்." பெரியவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "வீட்டுல அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன். அங்கயும் முந்திக்காதே."