கழுத்துக்குக் கீழே

காலையில் முதல் படம், இடது தோள் என்று அளவக்கா பெயர் வைத்திருந்தவளிடமிருந்துதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. பச்சை டாப்ஸ், கறுப்பு பேன்ட், பின்னால் பாதி திறந்த அலமாரி. கழுத்துக்கு மேலே ஒன்றும் கிடையாது. படம் அங்கேயே வெட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: 'ஆபீசுக்கு. சரியா இருக்கா?' அளவக்கா பாதி குடித்த டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வெளிச்சத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சட்டை எங்கே முடிகிறது என்பதில்தான் எப்போதும் அவள் பார்வை முதலில் போகும். இது இடுப்பின் அகலமான இடத்தில் போய் முடிந்திருந்தது. முடிய வேறு இடமே கிடைக்காத மாதிரி எல்லாக் கம்பெனிக்காரனும் அங்கேயேதான் வெட்டித் தொலைக்கிறான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு, போனை வாய்க்கு அருகில் பிடித்துப் பேசினாள்.

"பச்சை நல்லா எடுக்குதுங்க. முன்பக்கம் மட்டும் லேசா பேன்ட்டுக்குள்ள சொருகி விடுங்க, பின்னாடி அப்படியே தொங்கட்டும். கால் நீளமாத் தெரியும். பையை வலது தோள்ல மாட்டுங்க. இடது பக்கம் மாட்டினா வழுக்கி வழுக்கி இறங்கும், நாள் பூரா அதை ஏத்தி விடறதே வேலையாப் போயிரும்."

அளவக்கா என்பது அவள் பெயர் இல்லை. பெரிய துணிக்கடை ஒன்றில், உடை மாற்றும் அறையின் வாசலில் பல வருஷம் நின்றவள். ஒரு பெண் படியேறி வரும்போதே அவள் அளவு இவளுக்குத் தெரிந்துவிடும், டேப்பைத் தொட மாட்டாள். கூட வேலை பார்த்த பெண்கள் வைத்த பெயர் அது. பிறகு ஜனங்கள் போனிலேயே துணி வாங்க ஆரம்பித்தார்கள். அறை வாசலில் நிற்க ஆள் தேவைப்படவில்லை. முதலாளி பெரிய மனசு பண்ணி ஒரு போனைக் கையில் கொடுத்து, வீட்டிலேயே உட்கார்ந்து யோசனை சொல்லச் சொன்னார். எதை எதோடு போடுவது, எது யாருக்கு எடுக்கும் என்று குரலில் சொல்லி அனுப்ப வேண்டும். அன்றையிலிருந்து, ஊருக்கெல்லாம் உடுத்திவிடுகிறவள், சாயம் போன நைட்டியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள். பார்க்க யார் இருக்கிறார்கள்? அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அவளும் ஒரு நிலைக்கண்ணாடியும்தான். தம்பி வேறு தேசத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "என்னக்கா, எல்லாம் சரிதானே?" என்பான். சரிதான் என்றால் வைத்துவிடுவான். சரியில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சொன்னதில்லை.

முகம் வேண்டாம், பெயர் வேண்டாம் என்பது கடையின் விதி. எங்கேயோ யாரோ ஒருத்தியின் படம் கைமாறிப் போய் ரகளையான பிறகு வைத்தது. யோசனை சொல்கிறவர்கள் தாங்களாக முதலில் பேசக் கூடாது என்பதும் கடை விதிதான். மூன்றாவது விதி மட்டும் அளவக்காவுடையது. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் துணியைப் பற்றித்தான் பேச வேண்டும். 'நீங்க குண்டா இருக்கீங்க' என்று சொல்லக் கூடாது, 'இந்தத் துணி பிடிக்குது' என்று சொல்ல வேண்டும். அறை வாசலில் நின்ற காலத்தில், அம்மாவோ அக்காவோ நாத்தனாரோ சொன்ன ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டு அழுத பெண்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். குற்றம் எப்போதும் துணியுடையதுதான் என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. முதலாளி அந்த விதியை மற்றவர்களுக்கும் வைத்தார்.

பெயர் இல்லாதவர்களை எப்படி நினைவில் வைப்பது? அவளே பெயர் வைத்துக்கொண்டாள். நெடுங்கால் ஒருத்தி, குட்டைக் கழுத்து ஒருத்தி, ஒன்றும் சொருகாதவள் ஒருத்தி. ஒன்றும் சொருகாதவள் எத்தனை சொன்னாலும் சொருக மாட்டாள், ஆனால் தவறாமல் கேட்பாள். இடது தோளுக்கு இடப்பக்கம் ஒரு விரல் அளவு இறக்கம். அதற்குச் சின்னதாக ஒரு பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்துக்கொள்ளச் சொன்னதில்தான் பழக்கம் ஆரம்பித்தது. மற்றவர்கள் கல்யாணம், நேர்காணல் என்று வந்தால் படம் அனுப்புவார்கள். இவள் தினம் அனுப்பினாள். பதிலைக் கேட்டதும் மற்றவர்கள் போய்விடுவார்கள். இவள் ஒரு நாள், 'குரல் கம்மியிருக்கே, சளியா?' என்று எழுதினாள். இன்னொரு நாள், 'நீங்க சாப்பிட்டாச்சா?' என்று கேட்டாள். அளவக்கா சாப்பிட்டிருக்கவில்லை. "ஆச்சுங்க" என்று அனுப்பிவிட்டு, அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். திருப்பிக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விதி இருக்கிறதே என்று விழுங்கிவிட்டாள்.

பச்சை டாப்ஸ் வந்து கொஞ்ச நாள் கழித்து, இடது தோளின் துணிகள் பெரிதாக ஆரம்பித்தன. அளவக்காவின் கண்ணுக்கு அது அப்படித்தான் பட்டது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. தையல் தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கியது. இதையெல்லாம் சரி செய்யத்தானே அவள் இருக்கிறாள்? மெல்லிய துணியைத் தள்ளிவைத்துக் கனத்த துணியாக எடுக்கச் சொன்னாள். படுக்கைக் கோடு போட்ட சட்டை, அதன் மேல் திறந்த மேல்கோட்டு, அதற்கு மேல் அகலமான பெல்ட். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்ததும், "கழுத்தை மூடின மாதிரி போடுங்க, இந்தப் பருவத்துக்கு அதான் நல்லா இருக்கும்" என்றாள். மணிக்கட்டு தெரிந்ததும் கையை மடிக்காமல் பட்டன் போடச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அடுத்த நாள் படம் சொன்னபடி வந்தது, ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவள் வாழ்நாளில் செய்த நல்ல வேலை அதுதான். இளைத்திருக்கிறாள் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தது. ஆனால் அது உடம்பு. அவள் வேலை கழுத்துக்குக் கீழே, தோலுக்கு மேலே.

பிறகு படம் வரவில்லை. லீவு போட்டிருப்பாள் என்று முதலில் நினைத்தாள். ஊருக்குப் போயிருப்பாள். வேறு கடை பிடித்திருப்பாள், போகட்டும், என்ன ஆயிற்று இப்போது? இப்படி வீறாப்பாக நினைத்துக்கொண்டே காலையில் போனை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைப்பாள். மற்றவர்களுக்குச் சொன்ன யோசனை தப்பித் தப்பிப் போனது. நெடுங்காலுக்குப் போக வேண்டியது குட்டைக் கழுத்துக்குப் போய், அவள் 'எனக்கா இது?' என்று கேட்டாள். டீ போட்டால் குடிக்க மறந்தது. தன்னைத் தேடாத ஒருத்தியைத் தேடுவது எவ்வளவு கேவலம் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். அந்த வாரம் தம்பி கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு காலை, விதியாவது மண்ணாவது என்று எழுதினாள்: 'நல்லா இருக்கீங்களா?'

பதில் வரவில்லை, அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆண் குரல்.

"நீங்க அந்தத் துணிக்கடைங்களா? நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்."

அளவக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சொல்லுங்க," என்றாள்.

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா. ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டா. ரத்தத்துல ஏதோங்கறாங்க, இன்னும் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்காங்க. ரொம்ப நாளாவே இருந்திருக்கணும், வீட்டுல யாரும் கவனிக்கலையான்னு டாக்டர் என்னைக் கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல? தினம் அவ்வளவு நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டுப் போனா. முன்னைக்கு இப்ப நல்லா இருக்கியேன்னு நானே அவகிட்ட சொன்னேங்க."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கையில டியூப் போட்டிருக்காங்க. முன்பக்கம் திறக்கிற மாதிரி, கை அகலமா ஒரு சட்டை வேணுமாம். அலமாரியைத் திறந்தா எனக்கு ஒண்ணும் புரியல. உங்ககிட்ட கேட்டாத் தெரியும்னா."

இடது தோளின் அலமாரி அளவக்காவுக்கு மனப்பாடம். சாம்பல் நிறச் சட்டை ஒன்று இருக்கிறது, முன்னால் பட்டன் வைத்தது. ஆனால் அதற்குள் இப்போது இரண்டு பேர் போகலாம். "வீட்டுல எதுவும் சரிப்படாதுங்க. நானே எடுத்துக்கிட்டு வரேன்," என்று சொல்லி, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டு வைத்தாள். பேரைக் கேட்க மறந்துவிட்டாள். பேர் கேட்டுப் பழக்கமில்லை.

தன் அலமாரி முன்னால் நின்றபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதைப் போட்டுக்கொண்டு போவது? நீலத்தை எடுத்தாள், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பழுப்பை எடுத்தாள், துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி இருந்தது. கடைசியில் நீலத்தையே மாட்டிக்கொண்டு ஓடினாள். வழியில் பழைய கடைக்குள் நுழைந்து, கடைசியாக வந்த படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, மெல்லிய பருத்தியில் வெளிர் மஞ்சள் சட்டையாக எடுத்தாள். இருப்பதிலேயே சின்ன அளவு. பணம் வாங்குகிற இடத்தில் இருந்த புதுப் பெண்ணுக்கு இவளை யார் என்றே தெரியவில்லை.

வார்டின் வாசலில் வீட்டுக்காரர் நிற்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே யாரும் இல்லை. மருந்து வாங்கப் போயிருக்க வேண்டும். உள்ளே இரண்டு வரிசையாகக் கட்டில்கள். எல்லாக் கட்டிலிலும் பெண்கள், எல்லோர் மேலும் கழுத்து வரை ஒரே மாதிரி வெள்ளைப் போர்வை. அளவக்கா ஒவ்வொருவரின் தோளாகப் பார்த்தாள். படுத்திருக்கிறவர்களுக்குத் தோள் இறங்குவதில்லை. உயரமில்லை, இடுப்பில்லை, எதற்கு எது எவ்வளவு என்ற கணக்கே இல்லை. போர்வைக்கு வெளியே இருந்தது முகங்கள் மட்டும்தான், அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. அத்தனை முகமும் அவளைத்தான் பார்த்தன.

"யாரைப் பார்க்கணும்?" என்று நர்ஸ் கேட்டாள். "பேர் என்ன?"

"பேர் தெரியாதுங்க." இதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் சுட்டது. "சட்டை ஒண்ணு கொடுக்கணும். எனக்கு ரொம்பத் தெரிஞ்சவங்கதான்."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு தலை தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பியது.

"சிஸ்டர், விடுங்க. எனக்குத்தான் வந்திருக்காங்க."

காதோரம் நரைத்த, அகலமான நெற்றியுள்ள முகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் கண் இரண்டும் சிரித்தன. அளவக்கா இத்தனை நாளில் இந்தக் கழுத்துக்கு மேலே ஒரு முகத்தை நினைத்துப் பார்த்ததே இல்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"குரல் அப்படியே இருக்கு," என்றாள் கட்டிலில் இருந்தவள். "ஆனா ஆள் ரொம்ப உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன். அந்த அதட்டலுக்கு."

அளவக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்தவள், அவள் வாழ்நாளில் ஒரு பெண்ணிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"ரொம்ப இளைச்சிட்டீங்க."

"இப்பச் சொல்றீங்க." அதில் கோபம் இல்லை. போர்வையின் ஓரத்தை அவள் நெருடிக்கொண்டே இருந்தாள். "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். வீட்டுல யாருக்கு நேரம்? என்னை ஒருத்தர் தினம் உத்துப் பார்த்தாங்கன்னா அது நீங்கதான். ஒரு நாள் கேப்பீங்கன்னே அனுப்பிக்கிட்டிருந்தேன். உடம்புக்கு என்னன்னு யாராவது கேட்டா டாக்டர்கிட்ட போயிரலாம்னு இருந்தேன். நானாப் போக பயமா இருந்துச்சு."

"நான் பெல்ட்டு போடச் சொன்னேன்."

"ஆமா. நல்லாத்தான் இருந்துச்சு அந்த பெல்ட்டு," என்றாள் அவள்.

அளவக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னிடம் ஒருத்தி தினமும் கேட்டிருக்கிறாள். தான் தினமும் பதில் சொல்லியிருக்கிறாள், அத்தனையும் தப்பு. மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் இவள் பரவாயில்லை என்பாள், அதைக் கேட்கத் தெம்பில்லை. பையைப் பிரித்துச் சட்டையை எடுத்தாள். நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டு, டியூப் போட்ட கையை முதலில் நுழைக்கச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனாள். அளவக்கா அவளை எழுப்பி உட்கார வைத்து, டியூப் போட்ட கையை நுழைத்து, சட்டையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, இன்னொரு கையை நுழைத்தாள்.

சட்டை பெரிதாக இருந்தது. இருப்பதிலேயே சின்னது, அவள் கண் பார்த்து எடுத்தது, தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் தொங்கியது. அளவக்காவுக்கு அளவு தப்பியதே இல்லை. படம் வராத அந்த நாட்களில் இன்னும் எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்தத் தையல் சொன்னது.

"மஞ்சள் நான் போட்டதே இல்ல," என்றாள் அவள், குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டு. "எப்படி இருக்கு?"

யோசிக்காமலே அளவக்காவின் கை அவள் முதுகுக்குப் பின்னால் போனது. மிச்சத் துணியைச் சேர்த்துப் பிடித்தால் முன்னால் கச்சிதமாக நிற்கும், வாசலில் நின்ற காலத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்தது. துணியைத் தேடிப் போன விரல்கள் முதுகெலும்பில் பட்டன. ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் துணியைப் பிடிக்கவில்லை. கையை விரித்து அங்கேயே வைத்துக்கொண்டாள். உள்ளங்கைக்குக் கீழே மூச்சு ஏறி இறங்கியது. திரைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள், மருந்தோடு திரும்பிய வீட்டுக்காரர் யாரிடமோ வழி விடச் சொல்லும் குரல் வந்தது. இருவரும் அசையவில்லை.