சிறகில் ஆறு விரல்

பத்து நாள் கோழிக் கருவின் சிறகைச் சாயத்திலிருந்து எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குனிந்த பாலாம்பாள் விரல்களை இரண்டு முறை எண்ணினாள். சதை கண்ணாடிபோல் தெளிந்திருக்க, உள்ளே குருத்தெலும்புகள் மட்டும் நீலமாகத் தெரிந்தன. கோழிச் சிறகில் மூன்று விரல்கள்தான் உண்டு. இதில் ஆறு. அதுவும் தாறுமாறாக அல்ல. அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று, ஒன்றின் நிழல் மற்றொன்றாக எதிரெதிரே.

செங்கல்பட்டுக் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராகச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவள் கெடுத்த முட்டைகள் கொஞ்சமல்ல. ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, சிறகாக வளரப்போகும் மொட்டின் பின்னோரத்திலிருந்து கடுகில் பாதிகூட இல்லாத துணுக்கை எடுத்து, இன்னொரு கருவின் மொட்டில் முன்னோரமாக ஒட்டவேண்டும். கரண்ட் போனால் அத்தனையும் செத்துவிடும். வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தது, இந்த எழுபத்தாறாம் வருஷம், தன் கையாலேயே நடந்துவிட்டது. மொட்டின் சொந்தப் பின்னோரத்திலிருந்தும், எதிரே ஒட்டிய துணுக்கிலிருந்தும் ஏதோ ஒரு பொருள் கசிந்து பரவுகிறதாம். கிட்டத்தில் அடர்த்தி, போகப்போக நீர்த்துவிடும். தன்னை எட்டிய அளவை வைத்தே ஒவ்வொரு செல்லும் தான் எந்த விரலாக வேண்டும் என்று அறிந்துகொள்கிறது. அது என்ன பொருள் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் வச்சலா கூடையோடு வந்தாள். மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வாராவாரம் சேவல் மிதித்த முட்டை கொண்டுவருபவள். இடுப்பில் இரண்டு வயது மகள். குழந்தையின் இடக்கையில் கட்டைவிரலை ஒட்டி ஒரு விரல் அதிகம். பிள்ளை வயிற்றிலிருந்தபோது கிரகணத்தன்று மீன் அரிந்ததால் வந்த வினை என்று மாமியார் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து புருஷன் காத்தவராயன் பிள்ளையைத் தொடுவதே இல்லை. ஒருமுறை இதைச் சொல்லி வச்சலா அழுதிருக்கிறாள்.

“வச்சலா, இங்க வந்து பாரேன்.”

குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. பாலாம்பாள் தனக்குத் தெரிந்தவரை விளக்கினாள்.

“கருவாடு காயற வாசன மாரி,” என்றாள் வச்சலா. “கண்ண மூடிகினு நடந்தாக்கூட குப்பம் எம்மாந்தூரத்துல கீதுன்னு தெர்ஞ்சிடும். ரெண்டு பக்கமும் காயப்போட்டா, ரெண்டு பக்கமும் குப்பந்தான்.”

பாலாம்பாள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். மூன்று மாதமாக இதை விளக்க எழுதி எழுதிக் கிழித்தும் அவளுக்கு இத்தனை தெளிவாக வந்ததில்லை.

“அப்ப நான் மீனு அர்ஞ்சதால வர்லியா டீச்சர்?”

“உன் பொண்ணுக்கு ஏன் வந்ததுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா கத்தியால வராது. அது சத்தியம்.”

மறுவாரம் வச்சலா குழந்தையோடு புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் வாசலிலேயே நின்றான். பிறகு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான்.

“இம்மாத்தூண்டு வெச்சதுக்கா இது?”

“ஆமா.”

“உள்ள இன்னா கீது அதுல?”

“தெரியாதுப்பா. யாருக்குமே இன்னும் தெரியாது.”

அவன் மறுபடி குனிந்தான். இம்முறை நெடுநேரம். நிமிர்ந்ததும் வெளியே போய்விட்டான்.

சற்றுப் பொறுத்து பாலாம்பாள் ஜன்னலருகே வந்தாள். சாலையோரம் பஸ்ஸுக்காக அவர்கள் நின்றிருந்தார்கள். குழந்தை காத்தவராயனின் தோளில் இருந்தது. அதன் இடக்கையை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்திருந்தான். விரல்களின் ஓரமெல்லாம் சிவந்து ஒளிர்ந்தது. வச்சலா இரண்டடி தள்ளி, கிட்டே போகாமல், பார்த்துக்கொண்டிருந்தாள்.