ஒரு குடம், ஒரு தம்ளர்

…இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டி மாட்டுவண்டியில் போட்டதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியே மே மாதமும் முடியப் போகிறது, போவம், அவ்வளவுதானே, ஒரே ஒரு சொல், அதைப் புருஷனிடம் சொல்ல ஒரு மனுஷிக்குப் பத்து நாளா வேண்டும்? ஜெபமலர் களத்தின் ஓரத்தில் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, உபரிப் பந்தின் பிளாடரில் ஓட்டை எங்கே என்று கன்னத்தில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், காற்று லேசாக வந்து கன்னத்தில் பட்டது, இதோ இங்கே, இனிச் சைக்கிள் கடைச் சொல்யூஷனைத் தடவி ஒட்டுப் போட வேண்டியதுதான், யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரியில் படிக்கும்போது பியானோ வாசித்த விரல்கள் இவை என்று சொன்னால் இந்தச் சுத்துப்பட்டில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், அவளுக்கே இப்போதெல்லாம் நம்பிக்கை வருவதில்லை. சேலத்து மிஷன் கமிட்டியின் கடிதம் புருஷன் செல்லையாவின் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து நனைந்து காய்கிறது… இன்னும் மூன்று வருஷம் இந்த ஊழியத்தில் இருப்பீர்களா, இருப்பதானால் இந்திய அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க எழுத வேண்டும், ஜூன் முதல் தேதிக்குள் பதில் வேண்டும். செல்லையா அதை வாசித்துவிட்டு மடித்து, "நீர் ஓம் எண்டால்தான் எழுதுவன், இல்லையெண்டால் பெட்டியைக் கட்டுவம்" என்றார். அந்த நியாயம்தான் அவளுக்கு ஆத்திரம், இருந்துதான் ஆகவேண்டும் என்று அதட்டியிருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டு அழுது தீர்த்திருக்கலாம்.

முப்பத்திரண்டு நாளில் பத்தொன்பது ஊர். அறுப்பு முடிந்து களங்கள் காலியாகக் கிடக்கிற காலம், பள்ளிக்கூடமும் லீவு, இதை விட்டால் பையன்கள் கையில் அகப்பட மாட்டார்கள் என்று செல்லையா கோடை வந்தாலே பேய் பிடித்தவர் மாதிரி ஆகிவிடுவார், வாழப்பாடியில் சந்தைக்கு மறுநாள் மாட்டுச் சாணத்தை அள்ளிவிட்டுக் கோடு போட்டது, ஆட்டையாம்பட்டியில் தறியை நிறுத்திவிட்டு வந்த பையன்கள் விளக்கு வைக்கிற வரைக்கும் விடவே மாட்டோம் என்றது, எந்த ஊர் எது என்பதே குழம்பிப்போய் எல்லாம் ஒரே புழுதியாகத் தலைக்குள் நிற்கிறது. வாலிபால், அது முடிந்தால் ஐந்து நிமிஷப் பிரசங்கம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம். வலைக்கம்பு, சுண்ணாம்புத் தூள், டிங்சர், பன்னிரண்டு பனியன், அந்தப் பன்னிரண்டையும் ஊர் ஊராகத் துவைத்துக் காயப்போடுகிறவள் யார் என்று கமிட்டியின் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. களி தொண்டைக்குள் இறங்கப் பழகிவிட்டது, இடுப்பு வலியும் பழகிவிட்டது, அவள் பேசுவதைக் கேட்டு ஊர்க்காரர்கள், அம்மா மலையாளமுங்களா என்று கேட்பதுகூடப் பழகிவிட்டது. பழகாதது களைப்பு ஒன்றுதான்… காலையில் எழும்பும்போதே மாலைக் களைப்பு இருக்கிறதே, அது என்ன கணக்கு? வீட்டுக்குப் போய், முற்றத்துக் கிணற்றடியில் நின்று, தலையில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு, கடல் காற்றில் மூன்று நாள் படுத்துக் கிடந்தால் போய்விடும், போகாமலா இருக்கும்.

விசில் சத்தம். செல்லையா வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தோடு குதித்துக் குதித்துக் கை காட்டினார், நாற்பத்துநாலு வயசில் இந்தக் குதி, முழங்கால் வீங்கப் போகிறது, எண்ணெய் போட்டுத் தேய்க்கிற பாடு இவளுக்கு. மோகனூரிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிற இந்த ஊரின் அணியும் பக்கத்து ஊர் அணியும், இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம், களம் செங்கோட்டையக் கவுண்டருடையது. அணிக்கு ஆறு பேர், அதில் இரண்டு பேராவது ஊருக்குத் தெற்கே ஒதுக்கி வைத்திருக்கிற வளவிலிருந்து வரவேண்டும், இது செல்லையாவின் முதல் சட்டம். ஐம்பத்துநாலில் தலைமன்னாரில் கப்பலேறி வந்த புதிதில் இதே களத்தில் அதைச் சொன்னபோது, கவுண்டர் தலையைச் சொறிந்துகொண்டு, பந்து தோல் பந்துதானுங்களே, அது பொறந்ததே தீட்டு, அத எவன் தொட்டா என்னங்க என்று சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடித்துவிட்டு, தண்ணி மட்டும் வேண்டாங்க என்றார். செல்லையாவின் இரண்டாவது சட்டம் தண்ணீர்தான், ஒரு குடம், ஒரு தம்ளர், எல்லாருக்கும். அன்றைக்கு அவர் தம்ளரை நிரப்பி மாரியின் முன்னால் நீட்டினார், மாரி தெற்கு வளவுக்காரன், கவுண்டர் கிணற்றில் மாடு கட்டி நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்கிறவன், அந்தக் கிணற்றில் ஒரு வாய் மொண்டு குடிக்க அவனுக்கு உரிமை கிடையாது. அவன் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேரே வைத்தான், ஊற்றுங்கள் என்று. செல்லையா ஊற்றவில்லை. தம்ளரை நீட்டியபடியே நின்றார், கால்மணி நேரம் இருக்கும், கடைசியில் அவன் வாங்கிக் குடித்தான். ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் தண்ணீரே குடிக்காமல் வீட்டுக்குப் போனார்கள். மூன்று ஊரில் கம்பைப் பிடுங்கி எறிந்தார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லிச் சொல்லியே செல்லையா மறுபடி மறுபடி போனார், தாகத்துக்குச் சாதி தெரியுமா, இரண்டாம் வருஷம் பையன்கள் தம்ளருக்கு அடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தம்ளரை இத்தனை ஊரில் நீட்டியவள் இவள்தான். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, இந்தச் சீவியத்தில் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

முதல் செட் முடிந்து பையன்கள் குடத்தைச் சுற்றி வந்து நின்றார்கள், அவள் எழுந்து மொண்டு மொண்டு கொடுத்தாள், கொடு, வாங்கு, நிரப்பு, கொடு, கை தன்பாட்டில் வேலை செய்தது, மனம் தன்பாட்டில் கப்பலேறிவிட்டது… தலைமன்னாரில் இறங்கி ரயில் ஏறினால் விடியும்போது பனைமரங்கள் தெரியும், அம்மா வாசலில் நிற்பா, எழுபது வயசிலும் நிமிர்ந்துதான் நிற்பா, என்ன பிள்ளை இப்பிடி இளைச்சுப் போனாய் என்பா, பிறகு கிணற்றடி, நீர் இறைக்கிற துலா ஏறி இறங்கிக் கிறீச்சிடும், பச்சைத் தண்ணீர், அம்மா செம்பில் மொண்டு ஊற்ற ஊற்ற… "போதுமுங்கம்மா" என்றது ஒரு குரல். மாரி. அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் களத்துக்குள் போனான். தம்ளர் அவள் கையில் இருந்தது. அவன் முழங்கையிலிருந்து நீர் சொட்டிய தடம் மண்ணில் கோடாக இருந்தது. அவளுக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை, மூடியைக் குடத்தில் வைத்துவிட்டு மறுபடி பிளாடரைத் தேடினாள்.

பக்கத்தில் முறத்தில் நிலக்கடலையோடு உட்கார்ந்திருந்த சென்னியம்மாள்தான் சொன்னாள். கவுண்டரின் மனைவி, நல்ல மனசுக்காரி, போகிற வருகிற போதெல்லாம் மோரும் முருங்கைக்காயும் கொடுத்து விடுகிறவள், ஆனால் இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அந்தக் குடத்துத் தண்ணீரைத் தொட்டதில்லை. அவள் கடலையை உடைத்தபடியே, குரலைத் தாழ்த்தி, பாசமாகச் சொன்னாள்: "இத்தன நாளு வேத்தூருக்காரங்களாவே இருந்தீங்க அம்மிணி. இன்னைக்குத்தானுங்க நம்மூட்டுப் பொம்பளையாட்டம் இருக்கறீங்க. ஊரோட ஒத்துத்தானுங்க போவோணும்." ஜெபமலர் என்ன என்று கேட்க வாயைத் திறந்தாள், கேட்பதற்குள் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வந்துவிட்டது… மாரி எல்லாருக்கும் கடைசியாக வந்தான், வலது கையை நீட்டினான், தம்ளருக்குத்தான் நீட்டினான், மூன்று வருஷப் பழக்கம் அல்லவா, இவள் தம்ளரைக் கொடுக்கவில்லை, ஒரு முழம் உயரத்தில் தூக்கிப் பிடித்து ஊற்றினாள், நீட்டிய கை ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு இடது கை தானாக வந்து சேர்ந்தது, அவன் குனிந்தான், குடித்தான். மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்தாள், அவனுக்கு மட்டும் ஊற்றினாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டாம் செட் ஓடியது, அவள் பார்த்தாள், பார்க்கவில்லை. இந்த ஊர்ப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான், புழுதியில் இருந்தால் புழுதி ஒட்டாதா, களைப்பு, வெயில், முப்பத்திரண்டு நாள், எந்த மனுஷிக்கும் வரும்… இல்லை, ஜெபமலர், பொய் சொல்லாதே, இங்கே நீ யாருக்கும் ஊற்றிப் பார்த்தது உண்டா? அந்த உயரம், ஒரு முழம், ஒரு துளி உன் விரலில் தெறிக்காமல், நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக விழுகிற அந்த ஊற்று, அதை எங்கே பழகினாய்? அம்மா ஊற்றுவா. பனையிலிருந்து இறங்கி வருகிற கந்தன் கிணற்றடிக்கு ஆறடி தள்ளிக் குந்தியிருப்பான், வாளி கட்டின துலாக்கொடியை அவன் தொடக்கூடாது, அம்மா செம்பைத் தூக்கி ஊற்றுவா, ஊற்றிக்கொண்டே ஞாபகமில்லாமல் கீர்த்தனை முணுமுணுப்பா, போதகர் வீட்டு மகள், வசனம் தலைகீழாகத் தெரியும், வேதக்கோயிலில் எல்லாச் சாதியும் ஒரே வாங்குப் பலகையில் இருக்கவேண்டும் என்று சண்டை நடந்த வருஷம் எழும்பி, கந்தன் ஆட்கள் இருந்த பின் பலகைக்குப் போய் இருந்தவ, அதே அம்மாதான். ஏழு வயசில் ஜெபமலர், நான் ஊத்துறன் அம்மா என்று அடம்பிடித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினா, இவ்வளவு உயரம் பிள்ளை, கீழே விடாதே. கந்தன் சிரித்தான், குஞ்சுப்பிள்ளை நல்லா ஊத்துது என்றான். அதை ஒரு விளையாட்டாக, நல்ல காரியமாக, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த புண்ணியமாக இத்தனை வருஷம் நினைவில் வைத்திருந்தாளே, வெட்கம் ஒரு துளிகூட வரவில்லையே… தலையில் ஊற்றிக்கொள்ள ஆசைப்பட்டாளே, அதே கிணறு, அதே செம்பு.

செட் முடிந்தது. மாரியை எப்படிப் பார்ப்பது, தனியாகக் கூப்பிட்டு மன்னித்துக்கொள் என்பதா, கூப்பிட்டாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், தெரியாதவனுக்கும் தெரியும், அது அவனுக்கு இன்னொரு அவமானம். பேசாமல் தம்ளரைக் கொடுத்துவிடலாம், முதலில் அவனுக்கே கொடுத்துவிடலாம். அவள் தம்ளரை வழிய வழிய நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து, மற்றவர்களைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நீட்டினாள். அவன் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் தம்ளரைப் பார்த்தான், சென்னியம்மாள் இருந்த பக்கம் பார்த்தான், பிறகு மண்ணைப் பார்த்தான். "எனக்குத் தாகமில்லீங்கம்மா" என்றான், கோபமில்லாமல், மரியாதையாக, அவளுக்கு ஒரு சங்கடமும் வந்துவிடக்கூடாது என்கிற அக்கறையோடு. யாரோ ஒருவன் அந்தத் தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான், யார் என்று அவள் பார்க்கவில்லை.

செல்லையா நொண்டிக்கொண்டே வந்தார், முகமெல்லாம் பல், இந்த வருஷம் தப்பிப் பிழைத்தோம் என்கிற சந்தோஷம். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இஞ்சேரும், என்ன முடிவு? முகத்தைப் பார்த்தால் எனக்கு விளங்குது. போவமா?" என்றார். அந்தச் சொல்லையே எடுத்துத் தட்டில் வைத்து நீட்டுகிறார், தலையை ஆட்டினால் போதும். அவளுக்குக் கழுத்து அசையவில்லை. மூன்று வருஷமாக இந்தக் களைப்பு எங்கே இருந்து வருகிறது என்று தேடியிருக்கிறாளே, வெயில் என்று, பஸ் என்று, பனியன் துவைக்கிறது என்று… ஒவ்வொரு களத்திலும் தம்ளரை நீட்டும்போது உயர உயரப் போகப் பார்த்த இந்தக் கையை இழுத்து இழுத்துப் பிடித்து வைத்ததில்தான் இவ்வளவும் இற்றுப்போனதோ? அங்கே வீட்டுக்குப் போனால் பிடித்து வைக்க வேண்டியதில்லை, அது தன் உயரத்துக்குத் தானே போகும், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்… அதற்காகத்தானா, கர்த்தரே, வீடு வீடு என்று இவ்வளவு ஏங்கினேன்? செல்லையா பதிலுக்காக நின்றார், அவள் தன் வலது கையை முந்தானையில் துடைத்தாள், அது காய்ந்துதான் இருந்தது, மறுபடியும் துடைத்தாள்.